குலுக்கல் விசா: அதிர்ஷ்டம் கால், ஆவணம் முக்கால்

லாட்டரியில் பரிசு விழுந்தவர் சீட்டை நீட்டினால் பணம் கிடைத்துவிடும். அவர் எந்த ஊரில் பிறந்தார், எத்தனை வகுப்புப் படித்தார், எப்போது கல்யாணம் செய்துகொண்டார் என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. அமெரிக்க சர்க்கார் நடத்தும் குலுக்கலோ அப்படிப்பட்டதல்ல. அதில் பெயர் விழுந்தவருக்குக் கிடைப்பது பரிசு அல்ல. பரிசைக் கேட்டு மனுப் போடும் உரிமை மாத்திரமே. அந்த உரிமைக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தீர்ந்தால் உரிமையும் தீர்ந்தது.

பன்முகத்தன்மைக் குடியேற்ற விசா என்பது இதன் சட்டப் பெயர். ஜனங்களின் வாயில் இது 'கிரீன் கார்டு லாட்டரி'. நேபாளத்தில் 'டி.வி.' என்ற இரண்டெழுத்தே வீட்டு வார்த்தையாகிவிட்டது. கானாவிலும், எகிப்திலும், உஸ்பெகிஸ்தானிலும், நமக்குப் பக்கத்தில் இலங்கையிலும் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுதோறும் இதை நம்பி நாளெண்ணி வந்திருக்கின்றன. அந்தக் குலுக்கலுக்கே 2025 டிசம்பரில் ஒரு பெரிய அதிர்ச்சி வந்தது. அது என்ன, குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது, எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அயர்லாந்துக்காகப் பிறந்த சட்டம்

1965-ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியது. நெருங்கிய உறவினர் அங்கே இருக்க வேண்டும், அல்லது அங்குள்ள முதலாளி ஒருவர் வேலை கொடுத்து அழைக்க வேண்டும். இந்த இரண்டு வாசல்களே முக்கியமாயின. ஆசிய நாடுகளுக்கு இது நல்ல காலமாக அமைந்தது. ஆனால் பல தலைமுறைகளுக்கு முன்பே அமெரிக்காவுக்கு ஜனங்களை அனுப்பிவிட்ட அயர்லாந்து போன்ற நாடுகளுக்கு வாசல் குறுகிவிட்டது. பாட்டனுக்குப் பாட்டன் போனான் என்பது நெருங்கிய உறவாகாது அல்லவா?

1980-களில் அயர்லாந்தில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அங்கிருந்து வந்து அமெரிக்காவில் அனுமதியின்றித் தங்கிய இளைஞர்கள் ஏராளம். அமெரிக்கக் காங்கிரஸில் அயர்லாந்து வம்சாவளியினருக்குச் செல்வாக்கு அதிகம். மாசச்சூசெட்ஸ் அங்கத்தினர் பிரையன் டோன்னெலியின் முயற்சியால் 1986-ல் ஒரு தாற்காலிக ஏற்பாடு வந்தது. கனெக்டிகட் அங்கத்தினர் புரூஸ் மாரிசனின் முயற்சியால் 1990-ல் வந்த சட்டம், 1992 முதல் 1994 வரை ஆண்டுக்கு 40,000 விசாக்களை ஒதுக்கி, அவற்றில் நூற்றுக்கு நாற்பதை அயர்லாந்துக்கே கொடுத்தது. அந்தச் சட்டத்தின் நிரந்தர ஏற்பாடுதான் 1995-ல் தொடங்கிய இந்தக் குலுக்கல். யாருக்காகக் கதவு திறக்கப்பட்டதோ அவர்கள் நாடு பிற்பாடு செழித்துவிட்டது. கதவு வழியாக உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவையும் கிழக்கு ஐரோப்பாவையும் ஆசியாவின் சிறு நாடுகளையும் சேர்ந்தவர்கள். சட்டம் செய்கிறவர்கள் நினைப்பது ஒன்று, சட்டம் செய்வது ஒன்று!

நமக்கு உண்டா?

நம் ஊர்களில் "அமெரிக்கா லாட்டரியில் பெயர் போட்டுத் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்தக் குலுக்கலில் இடமில்லை. கடந்த 5 ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடும்ப வழியிலும் வேலை வழியிலும் அமெரிக்காவுக்குக் குடியேறச் சென்ற நாடுகள் நீக்கப்படுகின்றன. இந்தியா, சீனா, மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் வெகுகாலமாக இருப்பவை. வங்காள தேசம் 2013-ம் ஆண்டுக்கான குலுக்கலிலிருந்தும், நைஜீரியா 2015-ம் ஆண்டுக்கான குலுக்கலிலிருந்தும் விலக்கப்பட்டன.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சட்டம் பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த இடத்தை. 1964-ல் ஏற்பட்ட சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி, கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியமர்ந்தவர்கள் இன்று இந்தியப் பிரஜைகள். ஆயினும் அவர்களில் இலங்கையில் பிறந்தவர்கள் இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு இலங்கைக்காரர்களே. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிறந்த தமிழர்களுக்கும் அதே நியாயந்தான். மதுரையில் பிறந்தவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண்ணை மணந்திருந்தால், மனைவி பிறந்த நாட்டின் பேரில் அவர் மனுச் செய்யலாம். இருவருக்கும் விசா கிடைத்து இருவரும் சேர்ந்தே அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவர் பிறந்த நாட்டில் தாய் தகப்பன் இருவருமே பிறக்காமலும், அவர் பிறந்தபோது அங்கே நிலையாக வசிக்காமலும் இருந்தால், பெற்றோர் பிறந்த நாட்டைக் காட்டுவதற்கும் இடமுண்டு.

இதற்கு மேல் கல்வித் தகுதி. 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், குறைந்தது 2 ஆண்டுப் பயிற்சி தேவைப்படும் ஒரு தொழிலில், கடந்த 5 ஆண்டுக்குள் 2 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். எந்தத் தொழில் இதில் சேரும் என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர் இலாகா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கை நிறையச் சம்பளம் வாங்கும் தொழிலெல்லாம் அந்தப் பட்டியலில் தேறுவதில்லை.

கணக்கு சொல்லும் சேதி

சட்டம் ஒதுக்கியிருப்பது ஆண்டுக்கு 55,000 விசா. மத்திய அமெரிக்க நாடுகளின் அகதிகளுக்காக 1997-ல் செய்த சட்டம் இதிலிருந்து 5,000 வரை எடுத்துக்கொள்ள இடம் கொடுத்தது. ஆகவே கைக்கு வருவது சுமார் 50,000 என்றே வெகுகாலம் கணக்கு. எந்த ஒரு நாடும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் பெற முடியாது.

2025-ம் ஆண்டுக்கான குலுக்கலில் வந்து சேர்ந்த தகுதியுள்ள மனுக்கள் சுமார் 2 கோடி. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், மனைவி மக்களையும் சேர்த்து, சுமார் 1,31,000 பேர். இடம் ஐம்பதாயிரம், அழைப்பு ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல்! பலர் தகுதியில்லாமல் உதிர்ந்துவிடுவார்கள், பலர் மனு போடாமலே இருந்துவிடுவார்கள் என்ற கணக்கில்தான் இப்படிக் கூடுதலாக அழைக்கிறார்கள். ஆகவே 'விழுந்துவிட்டது' என்று மிட்டாய் வழங்குகிறவர், வரிசையில் தமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்க மறந்துவிடுகிறார்.

முதற்படியிலேயே வழுக்கல்

வழக்கமாக அக்டோபரில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் மனு வாங்குவார்கள். முன்பெல்லாம் தபாலில் அனுப்ப வேண்டும். 2003-ம் ஆண்டு இறுதியிலிருந்து எல்லாம் கம்ப்யூட்டர் வழியேதான். மனு இலவசமாகவே இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த விதி, மனு ஒன்றுக்கு 1 டாலர் கட்டணம் வைத்தது.

படிவம் சிறியது. பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், படிப்பு, கல்யாண நிலை, மனைவி மக்கள் விவரம், புகைப்படம். அரை மணி நேர வேலை. ஆனால் ஓராண்டு கழித்துப் பேட்டியில் அழுகிறவர்களில் பாதிப் பேர் இந்த அரை மணி நேரத்தில்தான் தவறு செய்திருக்கிறார்கள்.

ஒருவருக்கு ஒரு மனுதான். இரண்டு போட்டால் இரண்டும் தள்ளுபடி. கணவனும் மனைவியும் தகுதி இருந்தால் ஆளுக்கொரு மனுப் போடலாம். ஒருவருக்கு விழுந்தால் மற்றவர் கூடப் போகலாம். மனைவியின் பெயரையும், 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத எல்லாக் குழந்தைகளின் பெயரையும் எழுதியே தீரவேண்டும். குழந்தை பாட்டி வீட்டில் வளரலாம். மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டில் இருக்கலாம். கூட வராமலே போகலாம். எதுவானாலும் சரி. ஒரு பெயர் விட்டுப்போனால் முழுக் குடும்பத்தின் மனுவும் போய்விடும்.

புகைப்படத்துக்கும் கணக்கு உண்டு. 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். சென்ற ஆண்டு அனுப்பிய படத்தையே மறுபடி அனுப்புவது தள்ளுபடிக்கு ஒரு நல்ல வழி. 2016 முதல் மூக்குக் கண்ணாடி கூடாது. அளவு 600-க்கு 600 புள்ளி. பின்னணி வெளிறியதாக இருக்கவேண்டும்.

மனுவை அனுப்பியதும் கம்ப்யூட்டர் ஓர் உறுதி எண் கொடுக்கும். அந்த எண்தான் எல்லாம். மறு ஆண்டு மே மாதத்தில் அந்த எண்ணை வைத்து நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க சர்க்கார் 'உமக்கு விழுந்தது' என்று கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புவதில்லை; பணம் அனுப்பச் சொல்வதுமில்லை. அப்படி ஒன்று வந்தால் அது மோசடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

தரகர் கையில் எண்

உறுதி எண்ணைச் சுற்றியே ஒரு கொள்ளை வியாபாரம் நடந்திருக்கிறது. மனு எழுதிக் கொடுக்கும் தரகர் எண்ணைத் தம் பையில் போட்டுக்கொள்வார். பெயர் விழுந்தால் கிராக்கி கூடும். "இத்தனை கொடு, இல்லாவிட்டால் எண் கிடையாது" என்பார். கொடுக்க வழியில்லாதவரிடம் வேறொரு யோசனை சொல்வார். பணமுள்ள இடத்துப் பெண்ணையோ பையனையோ காகிதத்தில் கல்யாணம் செய்துகொள். அவர்கள் செலவைப் பார்த்துக்கொள்வார்கள். அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2007-ல் வெளியிட்ட அறிக்கை, வங்காள தேசம் முதலிய இடங்களில் நடந்த இத்தகைய மோசடிகளை எடுத்துக்காட்டியிருக்கிறது.

இதன் பலனை அனுபவிக்கிறவர் தரகர் அல்ல. விசாவுக்காகப் பொய்த் தகவல் கொடுத்ததாக உத்தியோகஸ்தர் முடிவு கட்டினால், அந்த மனுதாரருக்கு அமெரிக்கா அநேகமாக ஆயுளுக்கும் மூடப்படும். பிற்காலத்தில் பிள்ளை அங்கே படித்து வேலையிலிருந்து அழைத்தாலும் அந்தப் பழைய குறிப்பு எழுந்து நிற்கும். தானே எழுதத் தெரியாதவர் பிறர் உதவியை நாடுவதில் தவறில்லை. ஆனால் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணைத் தம் கையோடு வாங்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும்.

காகித வேட்டை

பெயர் விழுந்தவர் அடுத்ததாக நிரப்ப வேண்டியது டி.எஸ்.260 என்ற நீண்ட படிவம். கென்டக்கி மாகாணத்தின் வில்லியம்ஸ்பர்க் ஊரிலுள்ள தூதரக மையம் இதைக் கவனிக்கிறது. 16 வயதிலிருந்து எங்கெங்கே வசித்தீர், என்னென்ன வேலை பார்த்தீர், எங்கே படித்தீர் என்று அது கேட்கும். முதல் மனுவில் எழுதியதும் இதில் எழுதுவதும் பேட்டியில் சொல்வதும் ஒன்றாயிருக்க வேண்டும்.

பேட்டிக்குக் கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவுச் சான்றிதழ், முன் கல்யாணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்போ மரணச் சான்றிதழோ, படிப்புச் சான்றிதழ்கள், போலீஸ் சான்றிதழ்கள், கோர்ட்டு நடவடிக்கை ஏதேனும் இருந்தால் அதன் நகல், ராணுவத்தில் இருந்திருந்தால் அதன் பதிவு, இரண்டு புகைப்படங்கள், தூதராலயம் நியமித்த டாக்டரின் வைத்தியப் பரிசோதனை அறிக்கை. அசலும் நகலும் இரண்டும் வேண்டும். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு உறுதி செய்யப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது.

இவற்றுள் அதிகமாக அலைய வைப்பது போலீஸ் சான்றிதழ். இப்போது வசிக்கும் நாட்டிலிருந்து ஒன்று; 16 வயதுக்குப் பிறகு 12 மாதமோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒவ்வொன்று. ஓர் உதாரணம் பார்ப்போம். மன்னாரில் பிறந்த ஒருவர் யுத்த காலத்தில் படகேறி மண்டபம் வந்து, முகாமில் பல வருஷங்கள் இருந்து, ஊர் திரும்பி, பிறகு கத்தார் போய் 3 வருஷம் வேலை பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இலங்கைச் சான்றிதழ் வேண்டும். இந்தியச் சான்றிதழ் வேண்டும். கத்தார் சான்றிதழும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. அமெரிக்காவில் பிறந்த ஊரிலேயே வளர்ந்து வேலை பார்க்கும் ஒருவரிடம் இந்தக் காகிதங்களைக் கேட்டால் ஒரு மத்தியானத்தில் எடுத்துவிடுவார். வாழ்க்கை எத்தனை அலைக்கழித்ததோ அத்தனை காகிதம் வேண்டும் என்பதுதான் இந்த முறையின் விசித்திரம். அமைதியான வாழ்க்கைக்கு ஒரு கோப்பு போதும். அல்லல்பட்ட வாழ்க்கைக்கு ஒரு பெட்டி வேண்டும்.

பெயரால் வரும் வம்பு

தமிழனுக்கு இன்னொரு சங்கடம் அவன் பெயரிலேயே இருக்கிறது. அமெரிக்கப் படிவம் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறது. நமக்கோ தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயருந்தான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுவதும் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து மாத்திரம் இருக்கும். பாஸ்போர்ட்டில் இரண்டும் இடம் மாறி நிற்கும். கல்யாணமான பெண்ணுக்கு ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயர், மற்றொன்றில் புருஷன் பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலோ குமாஸ்தாவுக்குக் குமாஸ்தா மாறும். சண்முகம் என்ற ஒரே பெயரை மூன்று விதமாக எழுதிய மூன்று சான்றிதழ்கள் ஒரே வீட்டில் இருப்பது அதிசயமல்ல.

நமக்கு இது பழகிய விஷயம். முன்பின் தெரியாத உத்தியோகஸ்தருக்கோ மூன்று எழுத்துக்கூட்டல் என்றால் மூன்று ஆட்கள். ஆகையால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுவது, மாறுபட்ட பெயர்களையெல்லாம் படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்ற இடத்தில் ஒளிக்காமல் காட்டுவது, இரண்டு பெயரும் ஒருவரே என்பதற்கு முறையான சான்று எடுத்துவைப்பது ஆகிய மூன்றையும் பெயர் விழுந்த அன்றே தொடங்கிவிட வேண்டும்.

யுத்தம் தின்ற பத்திரங்கள்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை நடந்த யுத்தத்தில் வீடிழந்தவர்கள் பத்திரங்களையும் இழந்தார்கள். ஊர் விட்டு ஊர் ஓடும்போது பிறந்த குழந்தைகள் பதிவாகாமல் போனதும் உண்டு. 2004 டிசம்பர் சுனாமி, கரையோர மக்களிடம் எஞ்சியிருந்த காகிதங்களையும் கொண்டுபோயிற்று. பிறப்புப் பதிவு இருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். காலம் கடந்து பதியவும் வழியுண்டு. பதிவே அகப்படாதவர்களுக்கு 'உத்தேச வயதுச் சான்றிதழ்' என்ற ஒன்றைப் பதிவாளர் நாயகம் திணைக்களம் கொடுக்கிறது. அதைக் கொண்டுபோகிறவர் கூடவே ஞானஸ்நானப் பதிவு, பள்ளிச் சேர்க்கைப் பதிவு போன்ற பழைய சாட்சியங்களையும் எடுத்துப்போவது நலம்.

காகிதத்தை விடக் கடினமான ஒன்றும் அங்கே காத்திருக்கிறது. அமெரிக்கா 1997 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கத்தைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் உள்ள அமைப்புக்குப் பொருளுதவி செய்தவர்களுக்கு விசா இல்லை என்பது சட்டம். பணம் மட்டுமல்ல, சோறு போட்டதும், தங்க இடம் கொடுத்ததும், வண்டி கொடுத்ததும் இதில் அடங்கலாம். இயக்கத்தின் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் வாழ்ந்தவர் வரி கட்டாமல் எப்படி இருந்திருக்க முடியும்? நிர்ப்பந்தத்தால் செய்தவர்களுக்கு விலக்குக் கொடுக்கும் அதிகாரம் 2007 முதல் பயன்படுத்தப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அது தானாக வந்து விழுவதல்ல, காலமும் பிடிக்கும். பொய் சொன்னால் ஆயுள் தடை. மெய் சொன்னால் தாமதம். தாமதம் இந்தக் குலுக்கலில் பெரும்பாலும் மறுப்புக்குச் சமம். இப்படிப்பட்ட கேள்வி தம்மிடம் வரக்கூடும் என்று தெரிந்தவர்கள், தரகரை அல்ல, குடியேற்றச் சட்டம் அறிந்த வக்கீலை முன்கூட்டியே பார்ப்பதுதான் புத்தி.

பத்து நிமிஷப் பேட்டி

பேட்டி பெரும்பாலும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். ஜன்னலுக்கு அப்பால் உத்தியோகஸ்தர். இப்பால் மனுதாரர் குடும்பம். கைரேகை வாங்கிக்கொண்டு, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். அதற்கு முன்பே தலைக்கு 330 டாலர் கட்டணம் கட்டியாக வேண்டும். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது.

மனுவை யார் நிரப்பினார்? எங்கே உட்கார்ந்து? கல்யாணம் எப்போது, எங்கே, யார் யார் வந்தார்கள்? என்ன வேலை பார்க்கிறீர், அந்த வேலையில் காலையிலிருந்து மாலை வரை என்ன செய்வீர்? அமெரிக்காவில் எங்கே தங்குவீர், யார் உதவுவார்கள், கையில் என்ன இருக்கிறது? இவைதான் பெரும்பாலும் வரும் கேள்விகள். மனுவுக்கும் பேட்டிக்கும் நடுவில் கல்யாணம் செய்துகொண்டவர்களைச் சற்று அதிகமாகவே துருவுவார்கள். கல்யாண ஆல்பம், பத்திரிகை, இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் எல்லாம் சாட்சிக்கு வரும்.

இதற்கென்று பாடம் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் முளைத்திருக்கின்றன. மனப்பாடம் செய்த விடை உதவாது, உபத்திரவமே செய்யும். தினமும் நூறு பேரைப் பார்க்கிற உத்தியோகஸ்தருக்கு ஒப்பிக்கிற குரல் எது, சொந்தக் குரல் எது என்று தெரியும். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொல்வது கௌரவக் குறைவல்ல. மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று முன்பே தூதராலயத்தின் குறிப்பில் பார்த்துக்கொண்டு, தமிழில் தெளிவாகப் பேசுவது, திக்கித் திணறும் ஆங்கிலத்தைவிட எவ்வளவோ மேல்.

காகிதம் ஏதேனும் குறைந்தால் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். "இதைக் கொண்டு வா" என்று அர்த்தம். மற்ற விசாவாக இருந்தால் இது சின்ன விஷயம். இங்கே அப்படியல்ல.

செப்டம்பர் 30

அமெரிக்க சர்க்காரின் கணக்கு வருஷம் செப்டம்பர் 30-ல் முடிகிறது. அன்று நள்ளிரவு அந்த ஆண்டுக் குலுக்கலின் உயிரும் போய்விடும். வரிசை எண் வரவில்லை, போலீஸ் சான்றிதழ் தாமதமாயிற்று, விசாரணை முடியவில்லை; எந்தக் காரணமும் செல்லாது. அடுத்த ஆண்டுக்கு மாற்றுவது என்ற பேச்சே இல்லை.

அதிர்ஷ்டத்தைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிய கதைகளும் உண்டு. 2011 மே மாதத்தில் சுமார் 22,000 பேருக்கு 'விழுந்தது' என்று கம்ப்யூட்டர் காட்டியது. சில நாளில், குலுக்கல் சரியாக நடக்கவில்லை, முதல் இரண்டு நாள் வந்த மனுக்களிலிருந்தே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தேர்வாகிவிட்டார்கள் என்று சொல்லி எல்லாவற்றையும் ரத்துச் செய்து மறுபடி குலுக்கினார்கள்.

2020-ல் நடந்தது அதைவிடப் பெரிது. கொரோனாவையொட்டி ஜனாதிபதி டிரம்ப் ஏப்ரலில் குடியேற்ற விசாக்களை நிறுத்தினார். பெயர் விழுந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். குஜராத்தின் பாட்டன் நகரில் பிறந்தவரான வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா, செப்டம்பரில் மனுக்களைக் கவனிக்க உத்தரவிட்டார். கெடு தீர்ந்த பிறகும் கொடுப்பதற்காக 9,095 விசாக்களை ஒதுக்கிவைக்கவும் சொன்னார். வழக்கு இழுத்தது. 2024 ஜூனில் மேல் கோர்ட்டு, கெடு முடிந்த பின் விசா கொடுக்கும்படி சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை என்று தீர்த்துவிட்டது. ஜெயித்தவர்கள் நாலு வருஷம் கழித்துத் தோற்றார்கள்!

2025-ன் அதிர்ச்சி

வழக்கமாக அக்டோபரில் திறக்கும் மனு வாசல் 2025 அக்டோபரில் திறக்கவில்லை. டிசம்பரில் பிரவுன் சர்வகலாசாலையில் ஒருவன் சுட்டு 2 மாணவர்கள் மாண்டனர், எம்.ஐ.டி. பேராசிரியர் ஒருவரும் கொல்லப்பட்டார். சுட்டவனாகக் கூறப்பட்டவன் போர்ச்சுகலைச் சேர்ந்தவன். 2017-ல் இந்தக் குலுக்கல் வழியே நிரந்தரக் குடியுரிமை அட்டை பெற்றவன். ஜனாதிபதியின் கட்டளைப்படி இத்திட்டத்தை நிறுத்தி வைப்பதாக அப்போது உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவின் செயலாளராயிருந்த கிரிஸ்டி நோயம் அறிவித்தார். இதற்கு முன்னரும், 2017-ல் நியூயார்க்கில் லாரியை ஏற்றிப் பலரைக் கொன்றவன் இந்த வழியில் வந்தவன் என்று தெரிந்தபோது, திட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று டிரம்ப் சொன்னதுண்டு.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. குலுக்கலைச் சட்டமாக்கியது காங்கிரஸ். அதை ஒழிக்க வேண்டுமானால் காங்கிரஸ்தான் ஒழிக்க வேண்டும். நிர்வாகம் செய்யக்கூடியது நிறுத்தி வைப்பது. ஆனால் செப்டம்பர் 30 என்ற கெடு ஒன்று இருக்கும்போது, நிறுத்தி வைப்பதற்கும் ஒழிப்பதற்கும் அந்த ஆண்டு மனுதாரருக்கு வித்தியாசம் என்ன? 2020-ம் ஆண்டுக்காரர்களின் அனுபவமே இதற்கு விடை சொல்லும். ஆகவே மனுப் போட நினைப்பவர், பேட்டிக்குத் தயாராகிறவர் எவரானாலும், அமெரிக்க வெளிவிவகார இலாகாவின் அதிகார பூர்வமான அறிவிப்பில் அன்றைய நிலைமையைப் பார்த்துவிட்டு மறுகாரியம் பார்க்க வேண்டும்.

நியாயமா இந்தக் குலுக்கல்?

நாட்டுக்கு ஆள் சேர்ப்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படிப்பும் திறமையும் பார்க்க வேண்டாமா என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அமெரிக்காவில் அண்ணனோ மாமனோ இல்லாத, எந்தக் கம்பெனியும் அழைக்காத ஒரு பள்ளி வாத்தியாருக்கோ மெக்கானிக்குக்கோ இருந்த ஒரே வாசல் இதுதான். சிபார்சு கேட்காத வாசல் உலகத்தில் எத்தனை உண்டு?

உண்மையில் இந்த முறையின் அநியாயம் குலுக்கலில் இல்லை. கம்ப்யூட்டர் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் காகிதந்தான் பார்க்கிறது. ஊர் மாறாதவனுக்கும், கையில் காசுள்ளவனுக்கும், யுத்தம் காணாதவனுக்கும் அது சுலபம். மற்றவர்களுக்கு மலை.

அந்த மலையைச் சின்னதாக்க நம்மால் முடிந்தது கொஞ்சம் உண்டு. விசா வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் பிறப்பு, கல்யாணம், படிப்பு ஆகியவற்றின் பத்திரங்கள் ஒரே பெயரில், ஒரே எழுத்துக்கூட்டலில் ஒழுங்காக இருப்பது எந்தக் காலத்துக்கும் உதவும். இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம். 'விழுந்தது' என்ற சொல்லை நம்பி வேலையை ராஜிநாமாச் செய்யாதீர்கள், காணியை விற்காதீர்கள், வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள், பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கையில் வரும்வரை எதுவும் வரவில்லை என்றே எண்ணியிருக்க வேண்டும். அமெரிக்க தூதராலயங்களே மனுதாரர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையும் இதுதான்.